1414 என்பது ஆண்டு இல்லை

மன்னார்குடிப் பக்கம் எங்கள் பெரியப்பா வீட்டில் ஒரு வாள் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு மட்டும் பரணிலிருந்து இறங்கும். சந்தனம், குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டு, மறுநாள் பழைய வேட்டியில் சுற்றி மேலே ஏற்றிவிடுவார்கள். "தஞ்சாவூர் ராஜா குடுத்ததுடா" என்பார் பெரியப்பா. அதற்கு மேல் யாரிடமும் கதை இல்லை. போன ஆடியில் அவரிடம் அனுமதி வாங்கி, சனி ஞாயிறுகளில் அதோடு உட்கார ஆரம்பித்தேன்.

முதல் நாள் அளவு எடுத்ததோடு சரி. நேரான அலகு, இரண்டு விளிம்பும் கூர். நீளம் 86 செ.மீ., பிடியருகே அகலம் 36 மி.மீ. கனம் அங்கே ஐந்தரை மி.மீ., நுனியில் இரண்டுதான். அலகின் நடுவே மேல்பாதி வரை இரண்டு பள்ளக்கோடுகள் ஓடுகின்றன. மொத்த எடை 1,120 கிராம். நுனியை மெல்ல வளைத்துப் பார்த்தேன். விட்டவுடன் நேராக வந்து நின்றது. பிடி முழுக்க இரும்பு. விரல்களை மறைக்கும் அகலத் தகடு, உச்சியில் தட்டு, தட்டின் மேல் விரல் நீளத்துக்கு ஒரு முள். ஓங்கி வெட்டும்போது இடது கையும் சேர்ந்து பிடிக்க அந்த முள்.

உப்புத்தாள் பக்கமே போகவில்லை. பழைய வாளைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதைப் போன்ற கெடுதல் வேறில்லை. வரலாறு தங்கியிருப்பதே அந்த மேல்தோலில்தான். தையல் மெஷின் எண்ணெயை விட்டு ஒரு வாரம் ஊறவைத்து, மூங்கில் குச்சியைச் சீவி அழுக்கைக் கிளறினேன். மூன்றாவது ஞாயிறு, பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்தபோது மஞ்சளாக ஒரு கோடு மின்னியது. பித்தளை. லென்ஸ் வைத்தால், உளியால் வெட்டிப் பித்தளை பதித்த ஏழெட்டுக் கீறல்கள்: ஒரு முதுகு, நான்கு கால், ஒரு வால். பக்கத்திலேயே 1414.

கை நடுங்கியது. 1414-ஆம் ஆண்டு வாள் என்று பெரியப்பாவிடம் சொல்லியும் விட்டேன். இரண்டு வாரம் அந்த நினைப்பிலேயே இருந்தேன். பிறகுதான் இடித்தது: வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியதே 1498-இல். எண்ணின் வடிவமோ ஐரோப்பிய வடிவம். அந்த விலங்கைப் பிடித்துக்கொண்டு தேடியபோது முடிச்சு அவிழ்ந்தது. அது ஓநாய். ஜெர்மனியில் மூன்று ஆறுகள் கூடும் பாசாவ் நகரத்தின் சின்னத்தில் இருக்கும் ஓநாய். அந்த ஊர்க் கொல்லர்கள் வாளில் அதைப் பொறித்தார்கள். பின்னால் சோலிங்கன் என்ற இன்னொரு ஜெர்மன் ஊரின் கொல்லர்களும் எடுத்துக்கொண்டார்கள். 1414 அதோடு அடிக்கடி சேர்ந்து வரும் எண். ஆண்டு இல்லை, ராசிக்கும் காப்புக்கும் பொறித்த மந்திர எண் போன்றது. ஓநாய் இப்படி வெறும் கீறல்களாகச் சுருங்கியிருப்பதையும் அலகின் அமைப்பையும் வைத்து, 17-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அலகு என்று முடிவு செய்தேன்.

முத்திரை ஒன்றை மட்டும் நம்பக்கூடாது. ஐரோப்பிய அலகுக்கு இங்கே மதிப்பு இருந்ததால், நம் கொல்லர்களும் அந்த முத்திரைகளைப் பார்த்துப் பொறித்தார்கள். நம் நாட்டு உருக்கில், மூசையில் உருக்கிய எஃகில், செய்த வாளாக இருக்குமோ என்ற ஆசையும் எனக்கு இருந்தது. ஈரோட்டுப் பக்கம் கொடுமணலில் பழங்காலத்திலேயே எஃகுக்கு உலை போட்ட ஊர்க்காரர்கள் நாம். ஆசை வராமல் இருக்குமா? பிடியின் தகட்டோரம், நகக்கண் அளவு இடத்தில் மட்டும், சர்க்யூட் போர்டு அரிக்கும் ஃபெரிக் குளோரைடை நிறைய நீர் சேர்த்துத் தொட்டு வைத்தேன். நம் உருக்காக இருந்தால் நீரோட்டம் போல வரிகள் எழும்பும். வந்தது ஒரே சீரான சாம்பல் நிறம். சமையல் சோடாவால் துடைத்து எண்ணெய் பூசிவிட்டேன். பித்தளை பதித்த விதம், பள்ளக்கோடுகளின் சுத்தம், வளைத்துவிட்டால் நேராகும் அந்தத் துள்ளல், இந்தச் சாம்பல் நிறம், நான்கும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன.

பிடியின் கதை வேறு. பிடியிலிருந்து இரண்டு இரும்புப் பட்டைகள் இறங்கி அலகைக் கவ்வி, ஆணி அடித்து முடுக்கப்பட்டிருக்கின்றன. பட்டையின் ஓரம் இலை போல வெட்டப்பட்டிருக்கிறது. அது தக்காணத்துக் கை, தெற்கத்திக் கை. வெளிநாட்டு அலகு, உள்நாட்டுப் பிடி: மராத்தியர் இதை ஃபிரங்கி, அதாவது ஐரோப்பியன், என்றார்கள். பறங்கிமலை, பறங்கிக்காய், பீரங்கி எல்லாமே அந்தச் சொல்லின் வழி வந்தவைதான். வாள் என்றதும் "எந்த ஊர், எத்தனை வருஷம்" என்று ஒரே கேள்வியாகக் கேட்பதுதான் நாம் முதலில் செய்யும் தவறு. அலகை ஒருமுறை, பிடியை ஒருமுறை தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் இருக்கின்றன. 1855-இல் அந்த அரசு ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு கலைக்கப்பட்ட ஆயுதசாலையின் மிச்சம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பிடிகளை மட்டும் ஒரு பகல் முழுக்கப் பார்த்தேன். கட்டாரிகளில்கூட ஐரோப்பிய அலகைத் துண்டித்துப் பொருத்தியிருக்கிறார்கள். எங்கள் வாளின் இலை வெட்டு போலவே அங்கே ஒன்று இருந்தது. ஆனால் அரசர் கொடுத்த பரிசு என்றால் பிடியில் கொஞ்சமாவது வெள்ளி, பொன் வேலை எதிர்பார்ப்பேன். எங்களுடையது வெறும் இரும்பு. நுனியிலிருந்து ஒரு முழத்துக்குள் விளிம்பில் ஏழு இடத்தில் பல் விழுந்திருக்கிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அலகின் ஒரு முகத்தில், சம இடைவெளியில், எட்டணாக் காசு அளவுக்கு மூன்று வட்டக் குழிகள். துரு தின்ற குழிகள். என்னவென்று புரியாமல் புகைப்படத்தைப் பெரியம்மாவிடம் காட்டினேன். "பொட்டு வைக்கிற எடம்டா" என்றார். வருஷா வருஷம் ஈரச் சந்தனம் வைத்து, துடைக்காமல் வேட்டியில் சுற்றியதில் இரும்பு அங்கே மட்டும் கரைந்திருக்கிறது. எத்தனை ஆயுத பூஜைகள்! அந்தக் குழிகளை நான் தொடவே போவதில்லை. அவையும் இந்த வாளின் முத்திரைதான்.

ராஜா கதை நிற்காது போலிருக்கிறது என்று பெரியப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். பல் விழுந்த விளிம்பில் விரலை வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப நம்மாளு யாரோ கையில புடிச்சதா?"

"அப்படித்தான் தெரியுது பெரியப்பா."

இந்த வருஷப் பூஜையில் வாளைத் துணி விரித்து வைத்தோம். பெரியம்மா சந்தனக் கிண்ணத்தோடு அலகின் பக்கம் குனிந்தார். பெரியப்பா அவர் கையைப் பிடித்து நகர்த்தி, பிடியைக் காட்டினார்.