புள்ளி வைத்தது கண்மாய்

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்து மந்தையில் கூட்டம். பெரியாறு கால்வாய், கண்மாய், கிணறு, எந்தத் தண்ணீரில் எவ்வளவு நிலம் விளைகிறது என்று ஊர்வாரியாகப் பட்டை வரைபடம் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். மடிக்கணினியில் கால்வாய் நீலம், கண்மாய் பச்சை, கிணறு சிவப்பு. ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த தாளில் மூன்றும் ஒரே சாம்பல். ஒரு பெரியவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல கண்மாய் எது தம்பி?" என்றார். எனக்கே சொல்லத் தெரியவில்லை.

மாட்டுத்தாவணி வந்து இறங்கும்வரை அந்தத் தாள் கையிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கணக்குப் போட்டேன். நிறத்தைச் சாம்பலாக்கும் வழக்கமான சூத்திரத்தில் சிவப்புக்கு 29.9, பச்சைக்கு 58.7, நீலத்துக்கு 11.4 சதவீதம் எடை. நான் படம் வரையும் பைத்தான் நிரல்தொகுப்பான மேட்பிளாட்லிப் தானாகத் தரும் நிறங்களைத்தான் எடுத்திருந்தேன். கறுப்பு 0, வெள்ளை 255 என்றால் அந்த நீலம் 100, பச்சை 112, சிவப்பு 91. பிறகு எப்படிப் பிரித்தறிவது?

பட்டைக்குள் கோடும் புள்ளியும் நிரப்பும் 'ஹேட்ச்' வசதிக்கு மாறினேன். முதலில் ஒரு கோடுகூடத் தெரியவில்லை. விளிம்பு நிறத்தை நான் எதுவாக வைக்கிறேனோ அதையே கோடுகளும் எடுத்துக்கொள்ளும். நான் விளிம்புக்கும் உள்நிரப்புக்கும் ஒரே நிறம் கொடுத்திருந்தேன். உள்ளே வெள்ளை, விளிம்பு கறுப்பு என்றதும் கோடு எழுந்து நின்றது. '/' ஒன்று போட்டால் கோடுகளுக்கிடையே அகல இடைவெளி, நான்கு போட்டால் நெருக்கம். '/' பட்டைக்குப் பக்கத்திலேயே '\' பட்டை வைத்தால் கண் கூசுகிறது, அதைத் தவிர்த்தேன்.

அதிகம் படுத்தியது அளவுதான். கோட்டின் நெருக்கம் படத்தின் அங்குலக் கணக்கைச் சார்ந்தது. 12 அங்குல அகலத்தில் வரைந்து 6 அங்குலமாகச் சுருக்கி ஒட்டினால் கோடுகள் இரு மடங்கு நெருங்கிவிடும். ஜெராக்ஸில் வெறும் கறுப்புக் கட்டிதான். அதனால் அச்சாகும் அளவிலேயே வரைந்து, கடையில் ஒரு பிரதி எடுத்துப் பார்த்த பிறகே மற்றதைப் போடுகிறேன்.

அடுத்த கூட்டத்தில் கால்வாய் வெறும் வெள்ளை, கண்மாய் புள்ளி, கிணறு சாய்கோடு. பின்வரிசையில் இருந்து ஒரு அக்கா, "சுங்குடிச் சேலையாட்டம் புள்ளி வச்சதுதானே கண்மாய்?" என்றார். "ஆமாக்கா" என்றேன். அவர் தாளை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "அப்ப எங்க ஊர்ல ஏன் புள்ளி இவ்வளவு குட்டையா இருக்கு?"