புகைப் பரிசோதனைக் கருவிக்குப் புது ஆக்சிஜன் சென்சார்

பழைய கார்புரேட்டர் பைக்குகளைச் சரிசெய்வது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. அதற்காகவே, மூடிவிட்ட ஒரு புகைப் பரிசோதனை நிலையத்திலிருந்து நான்கு வாயுக்களை அளக்கும் கருவியைப் போன வருஷம் வாங்கினேன். கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், கார்பன் டை ஆக்சைடு மூன்றையும் அகச்சிவப்பு ஒளியால் அளக்கிறது. அவை சரியாக இருந்தன. ஆக்சிஜன் மட்டும் மொட்டைமாடியில் வைத்தால்கூட 6 சதவீதம் என்றது. பாளையங்கோட்டைக் காற்றானாலும் 20.9 இருக்க வேண்டுமே.

இந்தச் சென்சார் ஒரு சின்ன பேட்டரி மாதிரி. உள்ளே புகும் ஆக்சிஜன் அங்குள்ள ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். அதில்தான் மின்னழுத்தம் பிறக்கிறது. ஈயம் தீர்ந்தால் ஆயுளும் தீர்ந்தது. என் கருவியில் இருக்கும் வகை, புதிதாக இருக்கையில் காற்றில் 9 முதல் 13 மில்லிவோல்ட் தரும். மல்டிமீட்டரில் பார்த்தேன்: 3.1.

இணையத்தில் வாங்கிய முதல் சென்சார் உறையைப் பிரித்த அன்றே 8.2தான் காட்டியது. லேபிளைத் திருப்பினால் மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி. கடையில் சும்மா கிடந்தாலும் இதற்கு வயசாகும். வாங்குகிறவர்கள் தேதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்; நான் இரண்டாவது தடவை அப்படித்தான் வாங்கினேன். அது 11.4.

கையால் திருகி மாட்டி, ஒரு ராத்திரி காற்றாட வைத்துவிட்டு, காலையில் ஷெட்டிலேயே கேலிபரேஷன் (சுற்றியுள்ள காற்றை 20.9 என்று கருவிக்குப் பழக்குவது) செய்தேன். அது தவறு. சற்று முன்புதான் உள்ளே பைக் ஓடியிருந்தது. கருவி அந்தப் புகைக்காற்றையே 20.9 என்று எடுத்துக்கொண்டது. மாடிக்குக் கொண்டுபோய் மறுபடி செய்தேன்.

அப்புறம் மாமாவின் 2003 ஸ்ப்ளெண்டரில் குழாயைச் செருகினேன். கார்பன் மோனாக்சைடு 5 சதவீதம், கார்பன் டை ஆக்சைடு 10.4, ஆக்சிஜன் 4.6. இது பொருந்தவே இல்லை. முதல் இரண்டையும் கூட்டினால் 15-க்கு மேல் வருகிறது, ஆகவே சைலன்ஸரில் வெளிக்காற்று கலக்கவில்லை. கார்பன் மோனாக்சைடு 5 என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது; அப்போது ஆக்சிஜன் அத்தனை மிஞ்சாது. சென்சாரைக் கழற்றி டார்ச் அடித்தேன். காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான பழைய ஓ-ரிங் கறுத்துத் தட்டையாகி, பள்ளத்தின் அடியிலேயே ஒட்டிக்கிடந்தது. அதன் மேல் புது ரிங் உட்கார்ந்ததால் சந்து விழுந்து, அதன் வழியே வெளிக்காற்று புகுந்திருக்கிறது. பல்குத்தும் குச்சியால் நெம்பி எடுத்தேன்.

ஆக்சிஜன் இல்லாதபோது சுழி காட்டுகிறதா என்று சோதிக்க முதலில் டயர் கடை நைட்ரஜனைப் பிடித்துப் பார்த்தேன், 3.8 காட்டியது. அந்த நைட்ரஜன் அவ்வளவு சுத்தமானதில்லை. அதனால் ஆர்கான் வாயு கேட்டு, பேட்டையில் வெல்டிங் பட்டறைக்குப் போனேன்; அதில் ஆக்சிஜன் அநேகமாக இருக்காது.

"ஆர்கானை வச்சு எதை ஒட்டப் போறிய?" என்றார் அண்ணாச்சி.

"ஒட்ட இல்ல அண்ணாச்சி, இந்த மிஷின் பொய் சொல்லுதான்னு பாக்கணும்."

மீன்தொட்டிக் கடையில் வாங்கிய டி-இணைப்பில் ஆர்கான் குழாயை மாட்டி, ஒரு முனையைக் கருவிக்கும், இன்னொன்றை ஒரு தம்ளர் தண்ணீருக்குள்ளும் விட்டேன். குமிழி வந்துகொண்டே இருந்தால் கருவி உறிஞ்சுவதைவிட ஆர்கான் கூடுதலாக வருகிறது, அதிக அழுத்தமும் ஏறாது. எண் இறங்கி இறங்கி 0.1-இல் நின்றது. அண்ணாச்சியும் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எட்டிப் பார்த்தார்.

நேற்று ஸ்ப்ளெண்டரின் கார்புரேட்டரில் காற்றின் அளவை மாற்றும் ஏர் ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாகத் திருப்பினேன். இப்போது கார்பன் மோனாக்சைடு 2.4, இந்த வண்டிக்கு அனுமதி 3.5 வரை. ஆக்சிஜன் 1.1. சென்சார் முதுகில் மாட்டிய தேதியை மார்க்கரால் எழுதிவிட்டேன். ஈயம் இருப்பதால் பழைய இரண்டையும் குப்பையில் போடவில்லை, மூடி போட்ட டப்பாவில் மறுசுழற்சிக்காரருக்காக வைத்திருக்கிறேன்.