ஸ்பிரிங் அட்டவணை படுத்திய பாடு

நேரிலா ஸ்பிரிங்கை (விசையும் அமுக்கமும் ஒரே விகிதத்தில் ஏறாத ஸ்பிரிங்கை) கணினி மாடலில் போடுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. இரண்டு நோட் (புள்ளிகள்), நடுவில் அவற்றை இணைக்கும் ஓர் எலிமென்ட், ஒரு விசை–இடப்பெயர்ச்சி அட்டவணை, அவ்வளவுதான். என்னை அலைக்கழித்ததெல்லாம் அந்த அட்டவணைதான்.

ரப்பர் மவுண்ட்கள் மேல் உட்காரும் ஓர் இயந்திரம். மவுண்ட் முதலில் மெத்தென்று அமுங்கும். கொஞ்ச தூரம் போனதும் உள்ளே இருக்கும் ஸ்டாப்பரில் முட்டி விறைத்துக்கொள்ளும். மேல்நோக்கி இழுத்தால் அவ்வளவாக எதிர்க்காது. பழைய மாடல் அன்சிஸ் என்ற கணிப்பு மென்பொருளில், காம்பின்39 என்ற அதன் ஸ்பிரிங் எலிமென்ட்டோடு இருந்தது. அதை அபாக்கஸ் என்ற இன்னொரு மென்பொருளுக்கு மாற்றித் தரச் சொன்னார்கள். மெஷ் (பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலை), மெட்டீரியல் எல்லாம் சிக்கலில்லாமல் வந்து சேர்ந்தன.

மவுண்ட் மட்டும் புது ரகம் என்பதால் தரவைப் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. தயாரிப்பாளரின் டேட்டா ஷீட்டில் இருந்தது ஒரே ஒரு வரைபடம். எண்களாகக் கொடுங்கள் என்று மெயில் போட்டேன். அதே பிடிஎஃப் திரும்பி வந்தது, வரைபடத்தை மட்டும் பெரிதாக்கி! விசை அச்சில் வெறும் ‘கிலோ’ என்று போட்டிருந்தது. நியூட்டன் வேண்டுமென்றால் 9.81ஆல் பெருக்க வேண்டும். அழுத்தப் பக்கம் மட்டும்தான் வரைந்திருந்தார்கள், அதுவும் நேர்க்குறியில். இழுவைப் பக்கம் எங்கே என்றால், “இதுவரை யாரும் கேட்டதில்லையே” என்றார் விற்பனைப் பிரிவுக்காரர். கடைசியில் அவர்களுடைய சோதனைக்கூடத்தில் ஒருவரைப் பிடித்தேன். அன்றைக்கே எக்செல் கோப்பு வந்துவிட்டது. விற்பனைப் பிரிவோடு மல்லுக்கட்டாமல் நேரே சோதனைக்கூடத்துக்குப் போய்விடுங்கள்.

சரி, எண்கள் வந்தாயிற்று, ஓட்டியாயிற்று. எர்ரர் ஏதும் இல்லை. ஆனால் இயந்திரம் தன் எடைக்கே அடித்தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே போயிருந்தது. காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லும் ஒருவரிடம் காட்டினோம். “மெஷ்ஷை இன்னும் நுணுக்கிப் பாருங்கள்” என்றார். இரண்டு நோட் ஸ்பிரிங்குக்கு ஏதய்யா மெஷ்?

அப்புறம்தான் பெரிய மாடலை மூடிவைத்துவிட்டு, ஒரே ஒரு ஸ்பிரிங்கைத் தனி ஃபைலில் எடுத்தேன். கீழ் நோட்டைக் கட்டிப்போட்டு, மேல் நோட்டை 10 மி.மீ. கீழே, 10 மி.மீ. மேலே நகர்த்தி, எதிர்விசையை அட்டவணையின் மேலேயே வரைந்து பார்த்தால், வளைவு தலைகீழாக நிற்கிறது. காம்பின்39ஐ ஒரே திசையில் இயங்கும்படி வைத்தால், இரண்டாம் நோட்டின் நகர்விலிருந்து முதல் நோட்டின் நகர்வைக் கழிக்கும். அபாக்கஸின் ஸ்பிரிங்2 எலிமென்ட் முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிக்கும். கீழ் நோட் முதலில் இருந்தால், அங்கே அழுத்தம் மைனஸ், இங்கே அதே அழுத்தம் பிளஸ். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைவு என்றால் இது வெளியே தெரியவே தெரியாது. நம் மவுண்ட் ஒருபக்கம்தான் பலம் என்பதால் மாட்டிக்கொண்டது. போதாக்குறைக்கு வரிசையும் வேறு: காம்பின்39க்கு இடப்பெயர்ச்சி முதலில், விசை பிறகு, அபாக்கஸுக்கு விசை முதலில். அபாக்கஸின் வரைகலை முகப்பான சிஏஇயின் ஸ்பிரிங் மெனுவில் நேரியல் ஸ்பிரிங் மட்டுமே இருப்பதால், இதையெல்லாம் கீவேர்டாக (கட்டளை வரியாக) கையால்தான் எழுத வேண்டும்.

அடுத்து அதிர்ச்சிச் சுமை. எடைக்குச் சரியாக நின்ற இயந்திரம் மறுபடி மூழ்கியது. இந்த முறை காரணம் அட்டவணையின் கடைசி வரி. சோதனை 16 மி.மீ.யில் முடிந்திருந்தது. அதைத் தாண்டினால் காம்பின்39 வளைவின் கடைசிச் சரிவையே நீட்டிக்கொண்டு போகும். அபாக்கஸ் ஸ்பிரிங்கோ கடைசி விசையை அப்படியே பிடித்துக்கொள்ளும். அதாவது அதற்கு மேல் ஸ்டிஃப்னஸ் (விறைப்பு) பூஜ்ஜியம். மேனுவலில் தெளிவாகவே இருக்கிறது. கடைசிச் சரிவிலேயே வெகுதூரம் தள்ளி ஒரு புள்ளி சேர்த்தேன், சரியானது.

ஸ்டாப்பரில் முட்டும் இடத்தில் சரிவு திடீரென்று பல மடங்கு ஏறுவதால், சால்வர் (சமன்பாடுகளைத் தீர்க்கும் பகுதி) இரண்டு சரிவுகளுக்கும் நடுவே தாவிக்கொண்டே இருந்து, ஒரு விடைக்கு வராமல் (கன்வர்ஜ் ஆகாமல்) நின்றது. டாலரன்ஸை (பிழை வரம்பை) தளர்த்தாதீர்கள். அந்த மூலையை நான்கைந்து புள்ளிகள் வைத்து வளைத்துவிடுங்கள், இன்கிரிமென்ட்டையும் (சுமையை ஏற்றும் படியையும்) அங்கே சின்னதாக்குங்கள். போன வழியிலேயே திரும்பி வரும் ஸ்பிரிங் இது, ஆற்றலை உறிஞ்சாது. ரப்பரின் தணிப்பு வேண்டுமென்றால் பக்கத்தில் டாஷ்பாட் (அதிர்வைத் தணிக்கும் எலிமென்ட்) தனியாகப் போட வேண்டும்.

கடைசியாக இயல் அதிர்வெண். எடையை ஏற்றும் ஸ்டெப் இல்லாமல் நேராகக் கேட்டால், பூஜ்ஜியத்தில் உள்ள சரிவைத்தான் எடுத்துக்கொள்ளும். எடையை ஏற்றிவிட்டு அப்புறம் கேளுங்கள். டேட்டா ஷீட்டில் ‘ஸ்டிஃப்னஸ்’ என்று ஒற்றை எண் இருந்தால் அதையும் நம்பாதீர்கள். எங்களுக்கு வந்தது விசையை மொத்த அமுக்கத்தால் வகுத்தது, அந்த இடத்துச் சரிவு அல்ல. இன்னொன்று, மெதுவாக அமுக்கி எடுத்த வளைவைவிட, அதிரும்போது ரப்பர் விறைப்பாகவே இருக்கும். அதனால் அளந்த அதிர்வெண் மாடலைவிட மேலே நின்றால் உடனே மாடலைக் கலைக்காதீர்கள். அதிரும்போதுள்ள விறைப்புக்கும் மெதுவாக அமுக்கும்போதுள்ள விறைப்புக்கும் என்ன விகிதம் என்பதையும் சோதனைக்கூடத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.