நான்காம் மணி நேரத்தில் எவ்வளவு எரிகிறது?

மலை உச்சியில் சூரியோதயம் பார்க்க வேண்டுமானால் நள்ளிரவு தாண்டியதும் அடிவாரத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். ஏறி முடிக்க நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்து நிமிடம் குழுவில் எல்லாருடைய ஹெட்லேம்ப்பும் (நெற்றியில் கட்டும் விளக்கு) பளிச்சென்றுதான் எரியும். கால் தளர்ந்து, பாதை செங்குத்தாகி, மிதிக்கிற கல் உருளத் தொடங்குகிற நான்காம் மணி நேரத்தில்தான் விளக்குக்கு விளக்கு வித்தியாசம் தெரியவரும். வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். பெட்டியில் அதற்குப் பதில் இருக்காது.

பெட்டியில் '400 லூமன், 40 மணி நேரம்' என்று இருக்கும் (லூமன் என்பது விளக்கு வெளிவிடும் மொத்த ஒளியின் அளவு). இரண்டும் உண்மையாகவே இருக்கலாம்; ஒரே நேரத்தில் இல்லை, அவ்வளவுதான். 400 என்பது உச்ச நிலை, 40 மணி என்பது ஆகக் குறைந்த நிலை. இன்னொரு சூட்சுமமும் உண்டு. பெரும்பாலான நல்ல தயாரிப்பாளர்கள் பின்பற்றும் எஃப்எல்1 அளவுமுறையில், விளக்கைப் போட்ட 30ஆவது விநாடியில் உள்ள வெளிச்சம்தான் தொடக்கம். அது 10 சதவீதமாக இறங்கும் வரை ஓடுவதெல்லாம் 'எரியும் நேரம்'. 400 லூமனில் தொடங்கி அரை மணியில் 60க்கு விழுந்து, அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் இழுத்துக்கொண்டிருந்தாலும் அந்த மூன்று மணியும் கணக்கில் சேர்ந்துவிடும். தூரக் கணக்கும் இப்படித்தான். '100 மீட்டர்' என்றால் அங்கே 0.25 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு) வெளிச்சம் விழுகிறது என்று பொருள்; ஏறக்குறைய முழுநிலவு ஒளி. பாறை இருப்பது தெரியும், வேர் தடுக்குமா என்பது தெரியாது. தூரம் இரட்டிப்பாக வேண்டுமானால் கேண்டெலா, அதாவது ஒரு திசையில் குவியும் ஒளியின் செறிவு, நான்கு மடங்காக வேண்டும்: 100 மீட்டருக்கு 2,500, 200 மீட்டருக்கு 10,000.

பெட்டியை நம்புவதைவிடப் பேட்டரியைக் கணக்குப் போடுவது மேல். மில்லி ஆம்பியர் மணியை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். மின்னழுத்தத்தால் பெருக்கி வாட்-மணியாக்க வேண்டும். 3,000 மில்லி ஆம்பியர் மணி உள்ள ஒரு 18650 செல் (ரீசார்ஜ் ஆகும் தடித்த லித்தியம்-அயான் செல்) என்றால் 3 × 3.6 = 10.8 வாட்-மணி. 800 மில்லி ஆம்பியர் மணி உள்ள மூன்று ரீசார்ஜ் ட்ரிபிள் ஏ செல்கள் என்றால் 0.8 × 1.2 × 3, அதாவது 2.9 வாட்-மணிதான். இழப்பெல்லாம் போக ஒரு வாட்டுக்கு 100 லூமன் என்று தோராயமாக வையுங்கள். பாதையில் நடக்க 100 லூமன் போதும் என்றால் முதலாவது பத்து மணி நேரம் தாங்கும், இரண்டாவது மூன்று மணியைத் தொடாது. நான்கு மணி நேர ஏற்றத்துக்கு எது வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ட்ரிபிள் ஏ வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கும் கிடைக்கும், மாற்றுவது சுலபம். ஆனால் அல்கலைன் செல் குளிரில் சோர்ந்துவிடும். மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் கசிந்து தொடுமுனையை அரிக்கும். ரீசார்ஜ் ஆகாத 1.5 வோல்ட் லித்தியம் செல் மைனஸ் 40 டிகிரி வரை வேலை செய்யும், கசிவதும் அரிது, எடையும் குறைவு. ஒரு எச்சரிக்கை: 10440 என்ற லித்தியம்-அயான் செல் அளவில் அப்படியே ட்ரிபிள் ஏ மாதிரியே இருக்கும், ஆனால் 3.7 வோல்ட். அதை மூன்று போட்டால் 4.5 வோல்ட்டுக்குப் பதில் 11 வோல்ட் பாய்ந்து விளக்கு கருகும்.

பேட்டரியில் மின்சாரம் இருப்பது மட்டும் போதாது, உள்ளிருக்கும் சர்க்யூட் அதைச் சீராகத் தர வேண்டும். சீராக்கி இல்லாத விளக்கில் மின்னழுத்தம் இறங்க இறங்க வெளிச்சமும் மங்கிக்கொண்டே போகும். கண் பழகிவிடுவதால் மங்கியதே தெரியாது. சீராக்கி உள்ளதில் கடைசிவரை ஒரே வெளிச்சம், பிறகு சட்டென்று ஒரு படி இறங்கும். அது இறங்குவதற்கு முன் எச்சரிக்கிறதா என்று பாருங்கள். சூடும் கணக்கில் வரும். 80 கிராம் விளக்கால் உச்ச நிலையின் சூட்டை வெளியேற்ற முடியாது. சில நிமிடங்களில் தானே குறைத்துக்கொள்ளும். அது பழுது அல்ல, தற்காப்பு.

வீட்டிலேயே சோதிக்கலாம். இருட்டு அறையில் விளக்கைக் கூரை நோக்கி வைத்து, பக்கத்தில் மேசைமேல் போனை வைத்து லக்ஸ் மீட்டர் செயலியைத் திறந்துகொள்ளுங்கள். நடக்கும்போது பயன்படுத்தும் நடு நிலையில் போட்டு, கால் மணிக்கு ஒரு முறை எண்ணைக் குறியுங்கள். போன் காட்டும் எண் துல்லியமாக இருக்காது. பரவாயில்லை, எத்தனை சதவீதம் விழுகிறது என்பதுதான் நமக்கு வேண்டும். உச்ச நிலையைச் சோதிப்பதானால் மின்விசிறி போடுங்கள். காற்றில்லாத அறையில் வெளியில் இருப்பதைவிடச் சீக்கிரம் சூடேறிக் குறையும்.

ஒளிக்கற்றை அடுத்தது. குவிந்த கற்றை தூரத்துக்கு. விரிந்த கற்றை காலடிக்கு. நடைக்கு விரிந்ததுதான் முக்கியம். நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டும் சுற்றிலும் கும்மிருட்டுமாக இருந்தால் தலையைத் திருப்பித் திருப்பியே கழுத்து வலிக்கும். வெள்ளைச் சுவரில் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: ஓரம் மெதுவாகக் கரைய வேண்டும், வெட்டியதுபோல நிற்கக் கூடாது. ஒளியின் நிறம் 4,000 முதல் 4,500 கெல்வின் (எண் கூடக் கூட ஒளி நீலமாகும்) இருந்தால் மண்ணும் சருகும் பிரித்துத் தெரியும். 6,500 கெல்வினில் எல்லாம் சாம்பல் நீலம்.

நெற்றியில் விளக்கு இருப்பதில் ஒரு குறை உண்டு. ஒளி கண்ணுக்கு அருகிலிருந்தே கிளம்புவதால், கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னாலேயே மறைந்து தரை தட்டையாகத் தோன்றும். இறக்கத்தில் இடறுவதற்கு இதுவும் ஒரு காரணம். விளக்கைக் கழற்றி இடுப்பு உயரத்தில் பிடித்தால் ஒவ்வொரு கல்லும் நிழலோடு எழுந்து நிற்கும். மூடுபனியிலும் இதே வைத்தியம். நெற்றியில் இருந்தால் பனித்துளிகள் ஒளியைத் திருப்பிக் கண்ணிலேயே அடிக்கும், வெளிச்சத்தைக் கூட்டினால் இன்னும் மோசம். தானாக வெளிச்சத்தை மாற்றும் சென்சார் விளக்குகள் பனியிலும் குறுக்கே வரும் கிளையிலும் குழம்பி மங்கிவிடும். அந்தச் சென்சாரை அணைக்க வழியிருப்பதையே வாங்குங்கள். (கண்ணருகே ஒளி இருப்பதில் ஒரு வேடிக்கையும் உண்டு: புல்லில் பனித்துளிபோல மின்னுவதை நெருங்கிப் பாருங்கள், பல சமயம் சிலந்தியின் கண்.)

சிவப்பு விளக்கு வெறும் அலங்காரமல்ல. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். வெள்ளை ஒளி ஒரு நொடியில் கெடுத்துவிடும், மங்கலான சிவப்பு அவ்வளவு கெடுக்காது. ஆனால் வெள்ளையைக் கடக்காமல் நேரே சிவப்புக்குப் போக முடியவேண்டும். இல்லையேல் டென்ட்டில் பக்கத்தில் தூங்குபவர் எழுந்துவிடுவார். சிவப்பு ஒளியில் வரைபடத்தின் பழுப்பு உயரக்கோடுகள் மறைந்துபோகும் என்பதும் நினைவிருக்கட்டும்.

நீர்த்தடையில் ஐபிஎக்ஸ் 4 என்றால் எத்திசையிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும், மழைக்குப் போதும். ஐபிஎக்ஸ் 7 ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். எக்ஸ் என்பது தூசிக்குச் சோதிக்கவில்லை என்று பொருள். சார்ஜ் துளையின் ரப்பர் மூடி சரியாக அமரவில்லை என்றால் இந்த எண்களுக்கு அர்த்தமில்லை. யூஎஸ்பி-சி துளை இருந்தும் சில மலிவு விளக்குகள் இருமுனையும் சி உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாது; உள்ளே 5.1 கிலோ ஓம் மின்தடைகள் வைக்காமல் மிச்சம் பிடித்திருப்பார்கள். கொண்டுபோகும் கேபிளிலேயே சோதித்துவிட்டுக் கிளம்புங்கள். உறைநிலைக்குக் கீழே லித்தியம்-அயானைச் சார்ஜ் செய்தால் செல் நிரந்தரமாகக் கெடும். முதலில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துச் சூடாக்குங்கள்.

பைக்குள் தானே எரிந்து தீர்ந்துபோவதுதான் அதிகம் நடக்கும் விபத்து. பூட்டு வசதி இருந்தால் போடுங்கள். 18650 வகையில் மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினால் பெரும்பாலானவற்றில் மின்தொடர்பு அறும். கையுறையோடு சுவிட்சை அழுத்திப் பாருங்கள். விமானத்தில் உதிரி லித்தியம் செல்கள் கைப்பையில்தான் போக வேண்டும், முனைகளை மூடிய உறையில்.

திரும்பி வந்ததும் அல்கலைன் செல்லைக் கழற்றிவிடுங்கள். லித்தியம்-அயானைப் பாதி சார்ஜில் வையுங்கள். பட்டையைக் கழற்றி சோப்பு நீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். வியர்வை உப்பு எலாஸ்டிக்கைத் தின்றுவிடும்.