சிகிச்சைக்கு வழி செய்த பிறகே பரிசோதனை

பாம்பன், மண்டபம் பகுதி மீனவக் கிராமங்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான முன்பரிசோதனை ஆய்வுக்கு அனுமதி கேட்டு நெறிமுறைக் குழுவின் முன் அமர்ந்தேன். குழுவில் இருந்த மூத்த பேராசிரியை ஒருவர் கேட்டது ஒரே கேள்விதான்: "பாசிட்டிவ் என்று வரும் பெண்ணுக்கு அதன் பிறகு யார் பொறுப்பு?" எழுத்தில் பதில் வரும்வரை கோப்பு நகராது என்றும் சொல்லிவிட்டார். நியாயமான பிடிவாதம். சிகிச்சை தருவதாக மருத்துவமனைகளில் வாய்வார்த்தையாக எல்லோரும் சரி என்றார்கள்; ஆனால் ஒரு மருத்துவமனை அதை எழுதிக் கையெழுத்திட்டுக் கடிதமாகத் தர மாதக்கணக்கில் அலைய வைத்தது. இத்தகைய ஆய்வில் இறங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: வேறு எதற்கும் முன்னால் அந்தக் கடிதத்தை வாங்குங்கள்.

ஏனென்றால் அறிவியல் நம்மைக் கைவிடவில்லை. இந்தப் புற்றுநோய் ஏறக்குறைய முழுவதும் எச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) எனும் வைரஸின் தொற்றால் வருவது. அந்த வைரஸின் 16, 18 ஆகிய இரண்டு வகைகளே சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். தொற்று புற்றாக மாறப் பெரும்பாலும் 15 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அவ்வளவு அவகாசம் இருந்தும் பெண்கள் சாகிறார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் செவிலியர்களே கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்த்துச் சோதித்த ஆய்வில் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. முடிவு 2007இல் வெளியானது. நம் ஊரில் முடியுமா என்ற கேள்விக்கு அன்றே பதில் கிடைத்துவிட்டது.

களத்தில் முதலில் கற்றது, கடற்பாசி பறிக்கப் போகும் நாட்களில் ஊரில் பெண்களே இருக்க மாட்டார்கள் என்பது. கடலுக்குப் போகாத நாட்களைக் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுத்தான் தேதி குறித்தோம். எச்.பி.வி. சோதனைக்கான மாதிரியைப் பெண்கள் தாங்களே எடுத்துக்கொள்ளும் முறை இது. மெல்லிய பிரஷ், மூடியுள்ள சிறு குழாய், அவ்வளவுதான். ஆனால் தாழ்ப்பாள் உள்ள அறை வேண்டுமே! அங்கன்வாடியின் சாமான் அறையை ஒழித்துத் தந்தார்கள். உள்ளே போய் வந்த ஓர் அக்கா குழாயை நீட்டி, "இதை நீயே மூடிவிடு தாயி" என்றார். துணி சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பறித்தும் அவர் விரல் நுனிகள் வெடித்திருந்தன. மூடியைத் திருக முடியவில்லை. அன்றிலிருந்து மூடுவதை எங்கள் வேலையாக்கிக்கொண்டோம்.

முடிவைத் தொலைபேசியில் சொல்லவே கூடாது. பல வீடுகளில் போன் கணவரிடமோ மகனிடமோ இருக்கிறது. நேரில் போய், தனியாக உட்கார வைத்து, வைரஸ் இருப்பது புற்றுநோய் இருப்பதாகாது, பெரும்பாலும் அது ஓரிரு ஆண்டுகளில் தானே போய்விடும் என்று விளக்கினோம். பிறகு கடிதம் தந்த மருத்துவமனையின் மருத்துவர் குறித்த நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே வந்தார். மாற்றம் தெரிந்த இடத்தை வெப்பக் கருவியால் சுட்டு நீக்கும் சிகிச்சைக்குச் சில நிமிடங்கள் போதும். தகுதியானவர்களுக்கு அன்றே முடிந்தது.

அந்தச் சிகிச்சை பொருந்தாதவர்கள் ராமநாதபுரமோ மதுரையோ போக வேண்டும். பஸ் கட்டணமும் இழக்கும் கூலியும் திட்டச் செலவில் தனித் தலைப்பாக இருக்க வேண்டும். நிதி தருபவர்கள் முதலில் வெட்டப் பார்ப்பது அந்த வரியைத்தான். விட்டுக்கொடுக்காதீர்கள், பரிசோதனை எண்ணிக்கையைக் குறைத்தாவது அதைக் காப்பாற்றுங்கள்.