2012 மேக்புக்ல சொனோமா ஏத்துன கதை: பதினோரு நாள் குறிப்பு

ஜூன் 12, 2025, வியாழன்

அக்கா போன் பண்ணுச்சு. "டேய், உன் வீட்ல அந்த பழைய லேப்டாப் சும்மாதான கெடக்கு, பாப்பாவுக்கு குடுத்துடேன், காலேஜ் தொறக்கப் போகுது, புதுசெல்லாம் இப்ப வாங்க முடியாதுடா." சும்மா கெடக்குறது உண்மைதான். 2012 மேக்புக் ப்ரோ, 13 இன்ச், டிவிடி ட்ரைவ், ஈத்தர்நெட் போர்ட் எல்லாம் இருக்குற பழைய கட்டை. 2018ல செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. 4 ஜிபி ரேம்ல வந்துச்சு, ஆப்பிள் 8 வரைக்கும்தான்னு சொன்னாலும் 16 போட்டா பேசாம ஏத்துக்கும், நான் 16 போட்டிருக்கேன். 2021ல ஹார்ட் டிஸ்க்க கழட்டிட்டு எஸ்எஸ்டியும் மாட்டிட்டேன், சாப்பாட்டு மேஜைல வச்சு, நானே.

ராத்திரி எடுத்து ஆன் பண்ணேன். முதல் தடவை கேள்விக்குறி போட்ட ஃபோல்டர் வந்து நின்னுச்சு. இது அப்பப்ப வரும், ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும், அதனால கண்டுக்கல. ரெண்டாவது தடவை கேட்டலினா வந்துருச்சு. அதான் இந்த மெஷினுக்கு ஆப்பிள் குடுத்த கடைசி ஓஎஸ், 2019 சரக்கு. அடுத்த வருஷம் வந்த பிக் சர்லயே இத கழட்டி விட்டுட்டாங்க. க்ரோம் 128ஓட நின்னு போச்சு, அதுக்கு மேல அப்டேட் கிடையாது. காலேஜ் போர்ட்டல தொறந்தா ப்ரவுசர் பழசுன்னு மூஞ்சில அடிக்குது. இப்படியே குடுத்தா பாப்பா ஒரு வாரத்துல திருப்பிக் குடுத்துடும்.

ஜூன் 13, வெள்ளி

லினக்ஸ் மின்ட்னு ஒரு இலவச ஓஎஸ் இருக்கு, அத போட்டு குடுத்துடலாமான்னு முதல்ல நெனச்சேன், அதான் சுலபம். பாப்பாகிட்ட கேட்டேன். "மாமா, ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் வேர்ட்ல அனுப்புவாங்க, எனக்கு வேர்ட் வேணும்." சரி, வாய மூடிட்டு மேக் வழிக்கே வந்தேன்.

வழி இருக்கு. ஓப்பன்கோர் லெகசி பேட்ச்சர், இலவசம். அது பண்றது ரெண்டு வேலை. ஒண்ணு, மெஷின் எந்திரிக்கும்போதே நடுவுல உக்காந்து, 'இது நீ சப்போர்ட் பண்ற மாடல்தான்'னு ஓஎஸ்ஸ நம்ப வைக்கும். ரெண்டாவது, ஆப்பிள் தூக்கிப் போட்ட பழைய ட்ரைவர்கள, அதாவது இன்டெல் எச்டி 4000 கிராஃபிக்ஸ், பழைய பிராட்காம் வைஃபை, இதெல்லாத்தையும் ஓஎஸ் உள்ள திருப்பி ஒட்டும். ஒட்டுறதுக்கு ஓஎஸ்ஸோட பாதுகாப்புப் பூட்டு கொஞ்சம் தளரணும், அதனால பாதுகாப்பு கொஞ்சம் கம்மிதான். இத அக்காகிட்ட சொன்னேன். "அவ அதுல என்னடா பேங்க்கா நடத்தப் போறா"ங்குது.

மேக் ஓஎஸ்ல எந்த வெர்ஷன்? கடைசியா வந்த சிகோயா வேண்டாம், இந்த கிராஃபிக்ஸுக்கு அதுல ஒட்டு வேலை இன்னும் ஜாஸ்தி. அதுக்கு முந்தின சொனோமா போதும். போன திங்கக்கிழமைதான் ஆப்பிள் டஹோன்னு அடுத்தத அறிவிச்சு, இன்டெல் மெஷினுக்கு அதோட சரின்னு சொல்லிட்டாங்க, அதுக்காக எல்லாம் இப்ப கண்ணீர் விட நேரமில்ல. சொனோமா இன்ஸ்டாலர் 13 ஜிபி கிட்ட, டவுன்லோடுல போட்டுட்டு தூங்கிட்டேன்.

ஜூன் 14, சனி

32 ஜிபி பென் ட்ரைவ்ல இன்ஸ்டாலர், அதுக்கு மேல ஓப்பன்கோர். ஆப்ஷன் கீய அமுக்கிப் பிடிச்சுட்டு ஆன் பண்ணா ஈஎஃப்ஐ பூட்னு ஒரு ஐகான், அதுக்குள்ள போனா இன்ஸ்டால் சொனோமா. டிஸ்க்க அழிச்சு ஏபிஎஃப்எஸ்னு மேக்கோட ஃபார்மேட்டுக்கு மாத்தி ஆரம்பிச்சேன். சாயங்காலம் ஆறு மணி. ஏழுக்கு ஒரு ரீஸ்டார்ட், எல்லாம் ஜோர். 'இன்னும் 12 நிமிஷம்'னு வந்துச்சு. அந்த 12 நிமிஷம் ஒன்பதரை வரைக்கும் 12 நிமிஷமாவே இருந்துச்சு. பவர் பட்டன அமுக்கி கொன்னுட்டு மறுபடி ஆரம்பிச்சேன், இந்த தடவை 29 நிமிஷத்துல நின்னுச்சு.

பென் ட்ரைவ் மேலதான் சந்தேகம்.

ஜூன் 15, ஞாயிறு

வேற பென் ட்ரைவ். மறுபடி டவுன்லோட். அதே இடம், அதே நிப்பு. 13 வருஷ மெஷின்ல புது ஓஎஸ் போட்டா இப்படித்தான் ஆகும், ஆப்பிள் வேண்டாம்னு சொன்னா காரணம் இல்லாமலா சொல்லுவான், நமக்கெதுக்கு இந்த வேலைன்னு ஒரு மணி நேரம் தனியா பொலம்பினேன். கேட்டலினாவே திருப்பிப் போட்டுடலாம்னு போட்டா, அதுவும் பாதில நிக்குது! அப்பவே பொறி தட்டியிருக்கணும், தட்டல, ரெண்டு நாள் சரியா தூங்கல, மண்டை ஓடல. நல்லா இருந்த கேட்டலினாவையும் அழிச்சுட்டோமேன்னு மட்டும்தான் ஓடுச்சு.

ஜூன் 16, திங்கள்

ஆபீஸ் முடிஞ்சு வந்து, இன்ஸ்டால் ஓடும்போது பின்னாடி என்ன நடக்குதுன்னு பாக்கலாம்னு கமாண்ட், வி சேத்து அமுக்கி பூட் பண்ணேன். கருப்பு ஸ்க்ரீன்ல வெள்ளை எழுத்து அருவி மாதிரி ஓடுது, ஒண்ணும் புரியல, ஆனா நிக்குற இடத்துல ஒரே வரி திரும்பத் திரும்ப: டிஸ்க்0எஸ்2, ஐஓ எரர். அதாவது ஓஎஸ்ஸுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, டிஸ்க்ல எழுதவோ படிக்கவோ முடியல.

எஸ்எஸ்டி செத்துருச்சு போலன்னு நெனச்சு மின்ட் லைவ் யூஎஸ்பி (இன்ஸ்டால் பண்ணாமலே பென் ட்ரைவ்ல இருந்து ஓடுறது) போட்டு டிஸ்க்ஸ் ஆப்ல ஸ்மார்ட் டேட்டா, அதாவது டிஸ்க் தன்னோட உடம்பப் பத்தி தானே எழுதி வைக்குற கணக்கு, பாத்தேன். கெட்டுப்போன செக்டார், 0. ஆயுசு எல்லாம் நல்லாதான் இருக்கு. ஆனா 199ஆம் நம்பர் வரி, சிஆர்சி எரர் கவுண்ட், 4,117. ஒரு 4 ஜிபி ஃபைல காப்பி பண்ணிட்டு திருப்பிப் பாத்தேன், 4,380. இந்த எண்ணிக்கை ஏறுனா டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவுல டேட்டா வழில கெட்டுப் போகுதுன்னு அர்த்தம். நடுவுல இருக்குறது ஒண்ணே ஒண்ணுதான், கேபிள்.

ராத்திரி பதினொண்ணுக்கு கழட்டினேன். அடில பத்து ஸ்க்ரூ, அதுல மூணு மட்டும் நீளம், மாத்திப் போட்டா வம்பு, அதனால தோசை தட்டுல இருந்த இடத்துக்கே வரிசையா அடுக்கி வச்சேன். டிஸ்க்குக்கு போற கேபிள் பேப்பர் மாதிரி மெலிசான பட்டை, அலுமினிய பாடி மேல ஒட்டி ஓடிட்டு மூலைல ஒரு திருப்பம் திரும்பும். அந்த திருப்பத்துல டார்ச் அடிச்சுப் பாத்தா, வெள்ளையா ஒரு கோடு. பேப்பர மடிச்சு நகத்தால அழுத்தினா வருமே, அந்த கோடு. 2021ல எஸ்எஸ்டி மாட்டும்போது ஒரு பக்கம் உக்கார மாட்டேங்குதுன்னு நான்தான் அழுத்தி மடக்கி விட்டேன், நல்லா ஞாபகம் இருக்கு. நாலு வருஷமா அந்த கேள்விக்குறி ஃபோல்டர் இதத்தான் சொல்லிட்டு இருந்திருக்கு, நான் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டு இருந்திருக்கேன்.

ஜூன் 17, செவ்வாய்

காலைல சென்னைல இருக்குற ஃப்ரெண்டுக்கு போன் போட்டேன், ரிச்சி ஸ்ட்ரீட்ல புது கேபிள தேடிப் பிடிச்சு கொரியர்ல போட்டான். 1,100 ரூபாய். 2012க்கு வேற, 2011க்கு வேற, மாத்தி வாங்கிடாதடான்னு மூணு தடவை சொன்னேன்.

கேபிள் வர்ற வரைக்கும் சும்மா இருக்க முடியுமா? அதே எஸ்எஸ்டிய ஒரு யூஎஸ்பி கேஸ்ல போட்டு வெளிய இருந்து சொருகினேன், பழைய பென் ட்ரைவ், அதே இன்ஸ்டாலர். 12 நிமிஷம்னு காட்டுச்சு, நெசமாவே கொஞ்ச நேரத்துல முடிஞ்சுருச்சு. மொத்தம் 50 நிமிஷம் கூட ஆகல. அழகா சொனோமா வந்து நிக்குது. மூணு நாள் நான் திட்டின திட்டெல்லாம் எங்க போய் சேந்துச்சோ.

ஆனா வந்த கோலம் பாக்கணும். விண்டோவ இழுத்தா ஒரு செகண்ட் கழிச்சு பின்னாடியே வருது, கீழ டாக் சாம்பல் கலர்ல பட்டையா, வைஃபை ஐகான்ல வெட்டு. ட்ரைவர் ஒட்டாத வரைக்கும் அப்படித்தான். ஒட்டுறதுக்கு வேண்டிய சில ஃபைல நெட்ல இருந்துதான் எடுக்கும், ஆனா வைஃபையே ஒட்டினாதான் வரும்! ரூட்டர்ல இருந்து ஈத்தர்நெட் கேபிள இழுத்து சொருகினேன், இப்ப வர்ற மேக்புக்ல இந்த ஓட்டையே இல்ல பாருங்க. பேட்ச்சர தொறந்து போஸ்ட் இன்ஸ்டால் ரூட் பேட்ச் (அதான் அந்த ட்ரைவர் ஒட்டுற வேலை) குடுத்தேன், ரீஸ்டார்ட் ஆச்சு. இழுத்த இழுப்புக்கு விண்டோ வருது, வைஃபையும் வந்துருச்சு.

மறக்காம ஓப்பன்கோர எஸ்எஸ்டிக்குள்ளயே போட்டுட்டேன், இல்லன்னா காலத்துக்கும் பென் ட்ரைவ சொருகிட்டே பூட் பண்ணணும்.

ஜூன் 20, வெள்ளி

கொரியர் வந்துச்சு. இந்த தடவை கேபிள் போற வழில அலுமினியத்து மேல ஒரு துண்டு டேப் ஒட்டி, அதுக்கு மேல கேபிள படுக்க வச்சேன், உரசாம இருக்கட்டும்னு. திருப்பத்துல மடிக்கல, வளைச்சு மட்டும் விட்டேன். அழுத்துற நேரத்துல வீட்டுக்காரிய டார்ச் பிடிக்கச் சொன்னேன், "மெதுவாங்க, மெதுவா"ன்னு அவ சொல்லிட்டே இருந்தா, அதுவும் உதவுச்சு.

ஆன் பண்ணேன். கேள்விக்குறி இல்ல. சிஸ்டம் இன்ஃபர்மேஷன்ல சாட்டா (டிஸ்க் இணைப்பு) பக்கம் போனா லிங்க் ஸ்பீட் 6 ஜிகாபிட், நெசமா ஓடுறதும் 6. நாலு வருஷமா எவ்வளவுல ஓடிட்டு இருந்துச்சோ, பாத்ததே இல்ல. 20 ஜிபி காப்பி பண்ணிட்டு மின்ட்ல போயி 199ஆம் வரிய பாத்தேன், எண்ணிக்கை ஏறவே இல்ல, கடைசியா நின்ன இடத்துலயே நிக்குது.

ஜூன் 21, சனி

நாள் பூரா ஓட்டிப் பாத்தேன். வேர்ட், யூட்யூப், பத்து டேப். சூடாகுது, ஃபேன் சத்தம் போடுது, இது கேட்டலினாலயும் போட்ட சத்தம்தான். மேப்ஸ் மட்டும் சொதப்புது, அதுக்கு பாப்பாகிட்ட போன் இருக்கு. பேட்டரி ரெண்டு மணி நேரம் கூட தாங்கல, சார்ஜர கூடவே குடுக்கணும்.

தானா அப்டேட் ஆகுறத ஆஃப் பண்ணிட்டேன். அப்டேட் போட்டா ஒட்டினதெல்லாம் உதிர்ந்துடும், மறுபடி ரூட் பேட்ச் போடணும். லேப்டாப்புக்கு அடில ஒரு பேப்பர் ஒட்டினேன்: "அப்டேட்னு வந்தா தொடாத. மாமாவுக்கு போன் பண்ணு. பேங்க் வேலை எல்லாம் போன்லயே பாரு."

ஜூன் 22, ஞாயிறு

கொண்டு போய் குடுத்தேன். அக்கா காபி போட போச்சு, பாப்பா அடில ஒட்டின பேப்பர படிச்சுட்டு, "மாமா, இத கழட்டிட்டு போட்டோ எடுத்து வச்சுக்கவா, அசிங்கமா இருக்கு"ன்னுச்சு. வச்சுக்கோன்னேன்.

மூடி வச்சுட்டு காபி குடிச்சுட்டு இருந்தோம். "மாமா, இது ஏன் மூச்சு விடுது?" எனக்கு புரியல. முன்னாடி விளிம்புல சின்னதா ஒரு வெள்ளை லைட்டு, மெல்ல ஏறி மெல்ல இறங்குது, ஸ்லீப்ல இருக்குன்னு காட்டுற லைட்டு. அந்த லைட்டும் அதே கேபிள்லதான் இருக்கு. இது நின்னு போய் எவ்வளவு நாளாச்சுன்னு எனக்கே தெரியல.