கட்டையை எடுத்த பிறகுதான் கணக்கு

குறைந்த கட்டண விமான நிறுவனம் ஒன்றில் கேபின் க்ரூவாகச் சில ஆண்டுகள் சென்னையிலிருந்து பறந்தேன். டிக்கெட்டை எப்படி இவ்வளவு மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. எரிபொருள் விலையில் எந்த நிறுவனமும் பெரிதாகக் கை வைத்துவிட முடியாது. வேலை செய்கிறவர்களின் நேரத்தில் கை வைக்கலாம்.

விமானம் தரையில் நிற்கும் அந்த அரை மணி நேரத்தைச் சொல்கிறேன். கடைசிப் பயணி இறங்குவதற்குள் கையுறை மாட்டி, குப்பைப் பையோடு வரிசை வரிசையாக வருவோம். சீட் பாக்கெட்டுக்குள் வாந்திப் பை இருக்கும், டயாப்பர் இருக்கும், பாதி கடித்த சாண்ட்விச் இருக்கும். பல ஊர்களில் துப்புரவுக்குத் தனி ஆள் கிடையாது. பெல்ட்டுகளைக் குறுக்காக மடித்துப் போட வேண்டும். ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் கையை விட்டு லைஃப் வெஸ்ட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். யாரும் எதையும் விட்டுச் செல்லவில்லை என்று பாதுகாப்புச் சோதனையையும் முடிக்க வேண்டும். அதற்குள் அடுத்த பஸ் வந்து நின்றிருக்கும். லிப்ஸ்டிக்கைச் சரிசெய்துகொண்டு, வணக்கம் சொல்ல வாசலுக்கு ஓடுவோம்.

அன்றைய வேலையில் முதுகை ஒடிப்பது இதுதான். இதற்குத் தனியாகக் காசு கிடையாது. நிலையான சம்பளம் சிறியது, மற்றது பறந்த மணிக்கணக்கில் வரும். சக்கரத்துக்கு அடியில் இருக்கும் தடுப்புக் கட்டையை எடுத்து விமானம் நகரும்போது அந்த மணி தொடங்கும், அடுத்த ஊரில் கட்டையை வைத்ததும் நின்றுவிடும். டெல்லி மூடுபனியில் கிளம்ப முடியாமல், நிறைந்த விமானத்தில் மூன்று மணி நேரம் திட்டு வாங்கினாலும் அது கணக்கில் வராது.

186 இருக்கை கொண்ட ஏ320 ரக விமானத்துக்கு விதிப்படி குறைந்தது நான்கு பேர் வேண்டும். எங்களிடம் எப்போதும் அந்த நான்கு பேர்தான். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் ஸ்டாண்ட்பையில், அதாவது கூப்பிட்டால் வரத் தயாராக, இருப்பவருக்குப் போன் போகும். அவரும் வேறு விமானம் ஏறியிருந்தால் வார ஓய்வில் இருப்பவரை எழுப்புவார்கள். சளியோடு பறந்தால் விமானம் இறங்கும்போது காது வலி உயிர் போகும், செவிப்பறை கிழியவும் கூடும். அது தெரிந்தும் மாத்திரை போட்டுக்கொண்டு வந்தவர்கள் உண்டு. ஆபத்து நேர்ந்தால் அத்தனை பயணிகளையும் வெளியேற்ற வேண்டியவர்கள் இவர்கள்தான்.

2025 டிசம்பரில் இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது, விமானிகளுக்கான புதிய ஓய்வு விதிகள்மேல் பலர் பழி போட்டார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கும் விதியை 2024 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டார்கள். ஆள் எடுக்கப் போதிய காலம் இருந்தது. கவுன்டரில் நின்று வசவு வாங்கிய பிள்ளைகளுக்கோ ரோஸ்டர் (பணி அட்டவணை) போடுவதில் எந்தப் பங்கும் இல்லை.

தரையில் செய்யும் வேலைக்கும் ஊதியம் கேட்டு 2025 ஆகஸ்ட்டில் ஏர் கனடாவின் கேபின் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், சில நாட்களிலேயே அதற்கு வழி செய்யும் உடன்பாடு வந்தது. அமெரிக்காவின் டெல்டா, பயணிகள் ஏறும் நேரத்துக்குப் பாதி ஊதியம் தருவதை 2022லேயே தொடங்கிவிட்டது. ஆக, இது நடக்காத காரியமில்லை. இன்டர்வியூவுக்குப் போகும் தங்கைகள் என்னிடம் கேட்கும்போது, மணிக்கு எவ்வளவு என்று மட்டும் பார்க்காதே, அந்த மணி எங்கே தொடங்குகிறது என்று எழுத்தில் வாங்கு என்கிறேன்.